வியன்னா விமான நிலையம்: ஒன்பது நிமிடத்தின் விலை

வியன்னா விமான நிலையம் இருக்கும் ஸ்வெகாட்டில் இறங்கி, பெட்டியோடு ரயில் நிலையத்தைத் தேடும்போது கண்ணை இழுப்பது பச்சை நிறம். சிட்டி ஏர்போர்ட் டிரெய்னின் நிறம் அது. பயணக் களைப்பில் இருப்பவர், ஊருக்குள் போக இதுதான் வழி என்று நினைத்து டிக்கெட் எடுத்துவிடுவார். அதே நிலையத்திலிருந்து இன்னும் இரண்டு ரயில்கள் புறப்படுகின்றன என்பது அந்த அவசரத்தில் தெரியாது.

பச்சை ரயில் வழியில் எங்கும் நிற்காமல் 16 நிமிடத்தில் ஊருக்குள் இருக்கும் வீன் மிட்டே நிலையத்தை அடைகிறது. மாடி வைத்த ரயில் பெட்டிகள், தாராளமான இடம். டிக்கெட் ஏறத்தாழ 15 யூரோ. எஸ்-7 என்னும் புறநகர் ரயிலும் அதே வீன் மிட்டேவுக்குத்தான் போகிறது. வழியில் நின்று நின்று போவதால் சுமார் 25 நிமிடம் ஆகும். கட்டணமோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மிச்சமாகும் ஒன்பது நிமிடத்துக்குப் பத்து யூரோ கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி. இரண்டுமே அரை மணிக்கு ஒன்றுதான். பச்சை ரயிலைத் தவறவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தால், அந்த ஒன்பது நிமிடமும் நடைமேடையிலேயே கரைந்துவிடும்.

என் ஓட்டு மூன்றாவது ரயிலுக்கு. ரெயில்ஜெட் லின்ஸ், சால்ஸ்பர்க் பக்கம் போகும் நெடுந்தூர வண்டி. 2014 டிசம்பரிலிருந்து விமான நிலையத்துக்கும் வருகிறது. எஸ்-7க்கு எடுக்கும் அதே டிக்கெட்டில் இதிலும் ஏறலாம். கால் மணி நேரத்தை ஒட்டி வியன்னாவின் தலைமை ரயில் நிலையத்தில் இறக்கிவிடும். பச்சை ரயிலின் வேகம், எஸ்-7இன் விலை! ஆனால் இதற்கென்று பளிச்சென்ற விளம்பரம் எதையும் நான் பார்த்ததில்லை.

எந்த ரயில் என்பதை நீங்கள் தங்கும் இடம்தான் முடிவு செய்யவேண்டும். தலைமை நிலையத்தில் யு-1 மெட்ரோ பிடித்தால் மூன்றாவது நிறுத்தம் ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸ், ஊரின் நடு மையம். வீன் மிட்டேவிலிருந்து யு-3இல் அது இரண்டாவது நிறுத்தம். மரியாஹில்ஃபர் தெருப் பக்கம் அறை எடுத்தவர்களுக்கும் யு-3தான் வசதி என்பதால், அவர்கள் எஸ்-7இல் வரலாம். பஸ், டாக்சி எல்லாம் நள்ளிரவில் வந்திறங்குபவர்களுக்கு.

விமான நிலையம் நகரக் கட்டண எல்லைக்கு வெளியே இருக்கிறது. நகரத்துக்கான 24 மணி நேர டிக்கெட் கையில் இருந்தால், எஸ்-7க்கும் ரெயில்ஜெட்டுக்கும் எல்லைக்கு வெளியே உள்ள பகுதிக்கு மட்டும் கூடுதல் டிக்கெட் எடுத்தால் போதும். பச்சை ரயிலில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

ஊருக்குள் மெட்ரோவா, டிராமா? தூரம் என்றால் மெட்ரோ. ஷான்பிரூன் அரண்மனைக்கு யு-4. வெள்ளி, சனி இரவுகளில் மெட்ரோ விடிய விடிய ஓடுகிறது. நிலையங்களில் தடுப்புக் கதவு கிடையாது. அதை நம்பி முத்திரை குத்தாத காகித டிக்கெட்டோடு ஏறினால், பரிசோதகர் வரும்போது 100 யூரோவுக்கு மேல் அபராதம். ஆனால் ஊரைப் பார்க்க டிராம்தான். டி என்னும் டிராம் தலைமை நிலையத்திலிருந்து பெல்வெடேர் அரண்மனை வழியாக, ஊர் மையத்தைச் சுற்றும் ரிங் சாலையில் ஏறி, ஆப்பெரா அரங்கையும் நாடாளுமன்றத்தையும் சுற்றுலாக் கட்டணம் இல்லாமலே காட்டிவிடும். 71ஆம் எண் டிராம் மத்திய இடுகாட்டுக்குப் போகிறது; ஒருவர் இறந்துவிட்டால் ‘71இல் ஏறிவிட்டார்’ என்பார்கள் வியன்னாக்காரர்கள்.

பச்சை ரயிலுக்கும் ஒரு நாள் உண்டு, ஊர் திரும்பும் நாள். அதன் டிக்கெட்டோடு வரும் சில விமான நிறுவனங்களின் பயணிகள் வீன் மிட்டேவிலேயே பெட்டியை ஒப்படைத்துவிடலாம். மாலை விமானம், காலையிலேயே அறையைக் காலி செய்தாகவேண்டும் என்ற நிலையில், வெறுங்கையோடு பகல் முழுவதும் சுற்றுவதற்காக அந்த 15 யூரோவை முணுமுணுக்காமல் கொடுப்பேன்.