ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தொழிற்சாலைக் கடிதம்: வீட்டில் கிடைத்த பழைய ரிவால்வருக்கு 100 டாலர் செலவழிக்கலாமா?

அமெரிக்காவில் வீட்டுப் பெரியவர் காலமான பிறகு அலமாரியிலிருந்து வெளிவரும் பழைய ரிவால்வர் பல சமயம் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ற துப்பாக்கி நிறுவனத்தினுடையதாக இருக்கும். இல்லையென்றால் அதைப் பார்த்துச் செய்த மலிவு நகலாக இருக்கலாம். எந்த வருஷத்தது, என்ன விலை போகும் என்று துப்பாக்கிக் கடையில் விசாரித்தால், "கம்பெனிக் கடிதம் வாங்குங்கள்" என்பார்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஹிஸ்டாரிகல் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு, ஆலையின் பழைய பதிவேடுகளில் தேடி அந்தக் குறிப்பிட்ட துப்பாக்கி எப்போது, யாருக்கு, எந்த வடிவில் அனுப்பப்பட்டது என்று எழுத்தில் தருகிறது. கட்டணம் சுமார் 100 டாலர். முதல் கேள்விக்கு இதைவிட நம்பகமான பதில் கிடைப்பது அரிது. இரண்டாவது கேள்விக்கு அதில் ஒரு வரிகூட இருக்காது. வாங்குபவர்களில் பலர் ஏமாற்றமடைவது இங்கேதான்.

விண்ணப்பிக்கும் முன் செய்யவேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது. முதலில் தோட்டா உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனையோ ஆண்டுகளாகக் குண்டோடு உறங்கும் ரிவால்வர்கள் அபூர்வமல்ல. பேரலும் சிலிண்டரும் முன்பக்கமாக மடங்கும் பழைய வகையில், சுத்திக்கு (தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் பாகம்) முன்னால் மேலே இருக்கும் கொக்கியைத் தூக்கிப் பேரலைக் கீழே அழுத்தவேண்டும். சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் 'ஹேண்ட் எஜெக்டர்' வகையில் இடப்பக்கப் பொத்தானை முன்னால் தள்ளவேண்டும். துரு பிடித்துத் திறக்க மறுத்தால் பலம் காட்டாமல் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

அடுத்தது, அது உண்மையிலேயே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்தானா என்பது. கைப்பிடியில் ஆந்தைத் தலை இருந்தால் ஐவர் ஜான்சன். குண்டு துளைத்த இலக்குப் பலகை இருந்தால் ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன். 1901-ல் அதிபர் மெக்கின்லியைச் சுட்டது ஐவர் ஜான்சன் .32 (குண்டின் அகல அளவு) ரிவால்வர்தான், அந்தப் புகழால் அதன் சகோதரத் துப்பாக்கிகளின் விலை ஒரு டாலர்கூட ஏறவில்லை. ஸ்பெயினின் எய்பார் நகரத்து நகல்களில் "ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தோட்டாவுக்கு ஏற்றது" என்கிற மாதிரி வாசகத்தைப் பேரலில் பெரிதாகப் பொறித்திருப்பார்கள். அது தோட்டாவின் பெயர், தயாரிப்பாளரின் பெயரல்ல. இவற்றுக்கெல்லாம் ஃபவுண்டேஷனிடம் பதிவு கிடையாது.

சீரியல் எண் கைப்பிடியின் அடிப்பாகத்தில் இருக்கும். ஹேண்ட் எஜெக்டரில் சிலிண்டரைத் திறந்ததும், அதைத் தாங்கும் கை உட்காரும் இடத்திலும் ஓர் எண் தெரியும். அது ஆலையில் பாகங்களைச் சேர்ப்பதற்காகப் பொறித்த எண். அதை எழுதி அனுப்பினால் தவறான துப்பாக்கியைத்தான் தேடுவார்கள். சரியான எண் சிலிண்டரின் பின்முகத்திலும் பேரலின் அடியிலும், வலப்பக்கக் கைப்பிடி மரத்தின் உட்புறத்தில் பென்சிலாலோ முத்திரையாலோகூட இருக்கும். எல்லாம் ஒத்துப்போனால் பாகங்கள் மாறவில்லை என்று அர்த்தம், விலையும் அதற்கேற்ப நிற்கும். கைப்பிடியைக் கழற்ற நெம்பவேண்டாம். திருகைச் சில சுற்று தளர்த்திவிட்டு அதன் தலையை மெல்லத் தட்டினால் எதிர்ப்பக்க மரம் தானே விலகும். கத்தி முனை பட்ட இடத்தில் மரம் சிதறினால் நட்டம் நூறு டாலரைத் தாண்டலாம்.

எண்ணை மட்டும் வைத்து வருஷம் சொல்லும் அட்டவணைகளை நம்பிவிடாதீர்கள். ஒவ்வொரு மாடலுக்கும் தனி எண் வரிசை என்பதால் 45,000 என்ற எண் விசையை இழுத்தாலே சுத்தி தானே உயர்ந்து அடிக்கும் .32 டபுள் ஆக்‌ஷனிலும் இருக்கும், .38 டபுள் ஆக்‌ஷனிலும் இருக்கும், சுத்தி வெளியே தெரியாத 'சேஃப்டி ஹேமர்லெஸ்' மாடலிலும் இருக்கும். பேரல் மேலிருக்கும் காப்புரிமைத் தேதிகளும் அப்படித்தான்: கடைசித் தேதிக்கு முன்னால் செய்திருக்க முடியாது என்பதைத் தவிர அவை வேறெதையும் சொல்லாது. "1880" என்று பொறித்த ரிவால்வர் 1905-ல் ஆலையை விட்டுப் போயிருக்கலாம்.

உருவத்தைப் பார்த்தே காலத்தை ஓரளவு குறுக்கிவிடலாம். மடங்கும் .38 டபுள் ஆக்‌ஷன் 1880-ல் வந்தது, .38 சேஃப்டி ஹேமர்லெஸ் 1887-ல். .38 ஸ்பெஷல் தோட்டாவுக்கான 'மிலிட்டரி அண்ட் போலீஸ்' 1899-ல் தொடங்குகிறது. பேரலுக்கு அடியில் காலிக் கூடுகளை வெளியே தள்ளும் கம்பியின் முனையைப் பிடிக்கும் கொண்டை இல்லையென்றால் அது 1902-க்கு முந்தைய முதல் மாடல். அதே வரிசை பத்து லட்சத்தைத் தொட்ட பிறகு, 1942-ல் எண்ணுக்கு முன்னால் 'வி' எழுத்து வந்தது. போர்க்காலத்து 'விக்டரி' மாடல் அதுதான். சிலிண்டர் கை உட்காரும் இடத்தில் 'மாடல் 10' என்பது போன்ற எண் இருந்தால் 1957-க்குப் பிந்தையது. அதற்கு வருஷம் தெரிந்துகொள்ள மட்டும் கடிதம் வாங்குவது வீண் செலவு.

கடிதத்தின் பெரும்பகுதி எல்லோருக்கும் பொதுவான மாடல் வரலாறு. மாடல் எப்போது தொடங்கியது, எத்தனை செய்தார்கள் என்பதெல்லாம் நல்ல கையேடுகளிலேயே கிடைக்கும். காசு கொடுத்தது கடைசிப் பத்திக்குத்தான்: ஆலையை விட்டுக் கிளம்பிய தேதி, பெற்றுக்கொண்டவர், பேரல் நீளம், மேற்பூச்சு, கைப்பிடி வகை. பெற்றுக்கொண்டவர் பெரும்பாலும் மொத்த வியாபாரி. செயின்ட் லூயிஸின் சிம்மன்ஸ் ஹார்டுவேர், சிகாகோவின் ஹிப்பர்ட் ஸ்பென்சர் பார்ட்லெட் போன்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். கொள்ளுத்தாத்தாவின் பெயர் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். தனிநபருக்கோ காவல் துறைக்கோ வங்கிக்கோ நேராக அனுப்பியிருந்தால் அதிர்ஷ்டம்தான். விலை உண்மையிலேயே ஏறும்.

இங்கே சட்டம் சம்பந்தமான ஒரு சிக்கல் இருக்கிறது. 1968-ன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 1898 முடிவதற்குள் செய்த துப்பாக்கியே 'பழம்பொருள்'. கணக்கில் வருவது சட்டகம் (மற்ற பாகங்கள் பொருந்தும் உடற்பகுதி) செய்யப்பட்ட ஆண்டு, ஆனால் கடிதம் சொல்வது அனுப்பிய தேதி. செய்த ரிவால்வர்கள் எண் வரிசைப்படி ஆலையை விட்டுப் போகவில்லை. சில வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்திருக்கின்றன. அதனால் கடிதத்தில் 1903 என்று கண்டு பழம்பொருள் இல்லை என முடிவுகட்டவேண்டாம். .38 டபுள் ஆக்‌ஷனில் சுமார் 3,82,000 வரையிலும், .38 சேஃப்டி ஹேமர்லெஸ்ஸில் சுமார் 1,19,900 வரையிலும் உள்ள எண்களை 1899-க்கு முந்தைய சட்டகங்கள் என்றே சேகரிப்பாளர்கள் ஏற்கிறார்கள். மாநிலச் சட்டங்கள் தனி. அவற்றைத் தனியாகப் பார்க்கவேண்டும்.

இனி விலை. வயது இதில் சின்னப் பங்குதான், முக்கால்வாசியைத் தீர்மானிப்பது மேற்பூச்சு. பழம்பொருள் ரிவால்வரில் எல்லாப் பாகங்களும் அசலாக இருந்து, ஆலைப் பூச்சில் 30 சதவீதத்துக்கு மேல் மிஞ்சியிருந்தாலே 'ஃபைன்' என்கிறது என்ஆர்ஏ என்ற அமெரிக்கத் துப்பாக்கிச் சங்கத்தின் தர அளவு. 80 சதவீதத்தைத் தாண்டினால் 'எக்ஸலன்ட்'. ஆகவே பளபளவென்று புதிதாக மின்னும் நூறாண்டுத் துப்பாக்கியைக் கண்டால் சந்தேகப்படுங்கள், யாரோ மறுமுலாம் பூசியிருப்பார்கள். மடங்கும் வகை நிக்கல் ரிவால்வர்களில் விசையைச் சுற்றியுள்ள வளையத்தை ஆலையில் நீல மெருகோடுதான் விட்டார்கள். சுத்தியும் விசையும் பதப்படுத்திய எஃகின் பல வண்ண நிறத்தில் இருக்கும். அந்த வளையத்திலும் நிக்கல் இருந்தால் அது ஆலைக்குப் பின் நடந்த வேலை. எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருப்பது, திருகுத் துளைகளைச் சுற்றிப் பள்ளம் விழுந்திருப்பது ஆகியவையும் அதே கதைதான். சீரியல் எண்ணுக்குப் பின் நட்சத்திரக் குறி இருந்தால் ஆலைக்கே திரும்பிப்போய்ச் சீரமைக்கப்பட்டது. சில வேளை கைப்பிடிக்கு உள்ளே மாதமும் ஆண்டும்கூடப் பொறித்திருப்பார்கள். ஆலை செய்த மறுபூச்சு, ஊர்க்கடை செய்ததைவிட மதிப்புள்ளது. அசலுக்கு அது ஈடாகாது.

அதனால் கம்பிச் சுருள், பாலிஷ் பக்கமே போகாதீர்கள். மெல்லிய எண்ணெயும் பருத்தித் துணியும் போதும். நிக்கலில் அமோனியா கலந்த கரைப்பானைத் தடவினால் முலாம் உரியும். தோல் உறையில் வைக்கவும் வேண்டாம். தோல் ஈரத்தை இழுத்துப் பச்சைக் களிம்பையும் குழிகளையும் உண்டாக்கும்.

விக்டரி மாடலில் ஒரு கண்ணி உண்டு. பிரிட்டிஷ் படைகளுக்குப் போனவை .38 எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்) என்ற பழைய தோட்டாவுக்கானவை. போருக்குப் பின் பலவற்றின் சிலிண்டரைக் கடைந்து .38 ஸ்பெஷல் நுழையும்படி ஆக்கிவிட்டார்கள். இரண்டும் ஒரே தோட்டாவல்ல: பழையதன் கூடு பருமனானது, குண்டும் சற்று அகலம். கடைந்த சிலிண்டரில் ஸ்பெஷல் கூடு நடுவில் பிதுங்கும் அல்லது பிளக்கும், விலையும் பாதியாகும். பேரலில் பிரிட்டிஷ் சோதனை முத்திரைகள் வரிசையாக இருந்தால் சிலிண்டர் துளைகளின் முன்பகுதியைக் கவனியுங்கள்.

அப்படியானால் யார் கடிதம் வாங்கவேண்டும்? தேய்ந்த நிக்கலோடு இருக்கும் சாதாரண .38 டபுள் ஆக்‌ஷன் பெரும்பாலும் 200 முதல் 350 டாலருக்குள்தான் போகும். அதற்கு 100 டாலர் கடிதம் குடும்ப ஞாபகத்துக்காக வாங்கலாம், லாபத்துக்காக அல்ல. 1908 முதல் 1915 வரை சுமார் 15,000 மட்டும் செய்யப்பட்ட .44 'ட்ரிபிள் லாக்', 1935-ல் வந்த பதிவு எண்ணோடு கூடிய .357 மேக்னம், பெரிய சட்டக நம்பர் 3 ரிவால்வர்கள், செதுக்குவேலை உள்ளவை, ராணுவ முத்திரை இல்லாத விக்டரி ஆகியவற்றைக் கடிதம் இல்லாமல் விற்பது முட்டாள்தனம். செதுக்கு ஆலையிலேயே செய்யப்பட்டதா என்பதை வாங்குபவர் அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் நம்புவார்.

இன்னொரு பழைய துப்பாக்கி நிறுவனமான கோல்ட்டும் இதே சேவையைத் தருகிறது. மாடலைப் பொறுத்துக் கட்டணம் மாறும். 1864 தீவிபத்தில் ஹார்ட்ஃபர்ட் ஆலையின் பெரும்பகுதி எரிந்ததால் கேப்-அண்ட்-பால் (மருந்தையும் குண்டையும் தனித்தனியாக நிரப்பும் வகை) காலத்துப் பதிவுகளில் ஓட்டைகள் அதிகம்; அந்த விஷயத்தில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பதிவேடுகளே மேல்.

விண்ணப்பத்தோடு இரு பக்கப் படங்களும் எல்லா முத்திரைகளின் படங்களும் வேண்டும். பேரல் நீளத்தை முனையிலிருந்து சிலிண்டரின் முன்முகம் வரை அளக்கவேண்டும், சிலிண்டரைச் சேர்க்கக்கூடாது. பதில் வரச் சில வாரங்களும் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். சொத்துப் பிரிவினைக்காக விலைமதிப்பு தேவைப்பட்டால் இதற்குக் காத்திருக்காதீர்கள்: ராக் ஐலண்ட், மார்ஃபி போன்ற ஏல நிறுவனங்களுக்கு அதே படங்களை அனுப்பி மதிப்பீடு கேளுங்கள். இணையத்தில் பார்க்கும்போது விற்பவர் கேட்கும் விலையை விட்டுவிட்டு, முடிந்த ஏலங்களின் விலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.