டியூபா டியூப்லெஸ்ஸா, டாப் பாக்ஸா சைடு பேக்கா: ராமநாதபுரம் கடற்கரைக்கு எது சரி?

தூத்துக்குடியிலிருந்து சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை வழியாக ராமநாதபுரம். அங்கிருந்து மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், கடைசியில் அரிச்சல்முனை. இந்தப் பாதையில் கொண்டை ஊசி வளைவு ஒன்றுகூடக் கிடையாது. இங்கே பைக் ஓட்டுபவரைக் கவிழ்ப்பவை மூன்று: கருவேல முள், பக்கவாட்டுக் காற்று, தார்மேல் படிந்த மணல். வண்டியில் எது இருக்க வேண்டும், எந்நேரம் கிளம்ப வேண்டும் என்பதை இந்த மூன்றை வைத்தே முடிவு செய்யுங்கள்.

முதலில் டயர். சாலையின் இரு ஓரமும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. விறகு ஏற்றிப்போகும் வண்டியிலிருந்து ஒரு கொப்பு விழுந்தால் போதும். டீ குடிக்க ஓரங்கட்டினாலே முள் ஏறிவிடும்.

டியூப் டயரில் காற்று சட்டென்று இறங்கும், பின்சக்கரம் நெளிய ஆரம்பிக்கும். பின் பிரேக்கை மிதிக்காமல், ஆக்ஸிலேட்டரை மெல்ல விட்டு, நேராக உருட்டிக்கொண்டே ஓரத்துக்கு வாருங்கள். பிறகு சக்கரத்தைக் கழற்ற வேண்டும். இரண்டு டயர் லீவரும் மாற்று டியூபும் இல்லாவிட்டால் அடுத்த ஊர்வரை தள்ள வேண்டியதுதான். பஞ்சர் ஒட்டி ஐந்தாறு கிலோமீட்டரில் மறுபடி இறங்கினால் ஒட்டியவரைக் குறை சொல்லாதீர்கள். கருவேல முள்ளின் நுனி ஒடிந்து டயருக்குள்ளேயே நின்றிருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. புது டியூபைப் போடுமுன் பழைய பனியன் துணியை டயரின் உட்புறம் முழுக்க இழுங்கள். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே முள் இருக்கிறது. விரலால் தடவினால் விரலில் ஏறும்.

டியூப்லெஸ்ஸில் முள் குத்தியபடியே நின்றால் காற்று மெதுவாகத்தான் கசியும். கண்டவுடன் பிடுங்குவதுதான் பலரும் செய்யும் தவறு. ரீமர் (ஓட்டையைச் சீராக்கும் கம்பி), ஊசி, ஒட்டும் ஸ்ட்ரிப் (ஓட்டையை அடைக்கும் ரப்பர் துண்டு), பம்ப் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு பிடுங்குங்கள். முள் ஏறிய அதே சாய்வில் ரீமரை ஐந்தாறு முறை ஏற்றி இறக்கி, ஸ்ட்ரிப்பை ஊசியில் கோத்து, வெளியே ஒரு சென்டிமீட்டர் நிற்கும்வரை அழுத்தி, ஊசியை மட்டும் வெடுக்கென்று இழுக்க வேண்டும். காற்றடித்து, எச்சில் தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா பாருங்கள். ஒரு குறையும் உண்டு: குழியில் விழுந்து ரிம் நசுங்கினால் விளிம்பு வழியே காற்று போகும், அதற்கு ஸ்ட்ரிப் உதவாது. இருந்தாலும் இந்தக் கரையில் டியூப்லெஸ்தான் மேல். டியூப் டயர் போட்ட ஸ்போக் ரிம் (கம்பிச் சக்கர) வண்டிக்காரர்கள் முன், பின் இரண்டு அளவிலும் மாற்று டியூப் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சாமான். 1988-ல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கும் கூடுதல் நீளம், இரு பக்கமும் கடல். பக்கத்து ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுகிறார்கள். ஆடி மாதத் தென்மேற்குக் காற்று, ராமேஸ்வரம் போகும்போது வலப்பக்கம் அடிக்கும். சீட்டுக்குப் பின்னால் பொருத்தும் உயரமான டாப் பாக்ஸ் அந்தக் காற்றைப் பாய் போலப் பிடிக்கிறது. எடையும் பின் அச்சுக்கு அப்பால் விழுவதால் முன்சக்கரம் இலேசாகி ஹேண்டில் ஆடும். பின்சக்கரத்தின் இரு பக்கமும் தொங்கும் சைடு பேக்கில் எடை தாழ்வாக இருக்கும். தண்ணீரும் டூல்ஸும் அடியில், இரு பக்கமும் சம எடை, சைலன்ஸரில் படாத இடைவெளி. இவ்வளவும் சரியாக இருந்தால் சைடு பேக்தான் நல்லது. டாப் பாக்ஸ் மட்டும்தான் உண்டென்றால் துணிமணியும் மழைக்கோட்டும் போதும்.

பாலத்தில் எதிரே பஸ் வரும் நொடிதான் மோசமானது. காற்றுக்கு ஈடுகொடுத்து வலப்பக்கம் சாய்ந்திருப்பீர்கள். பஸ் காற்றை மறைத்ததும் வண்டி அதன் பக்கமே நகரும், அது கடந்ததும் காற்று கைப்பிடிச் சுவர்ப் பக்கம் தள்ளும். வேகத்தை மணிக்கு 40 கி.மீ.-க்குள் இறக்கி, முழங்காலால் டேங்க்கை அணைத்து, முழங்கையைத் தளர்த்தி வைத்திருங்கள். இணைப்பு இரும்புப் பட்டைகளை நேராகக் கடக்க வேண்டும், அவற்றின்மேல் பிரேக் கூடாது. போட்டோவுக்காகப் பாலத்தில் நிற்கவே நிற்காதீர்கள்.

நேரத்தில் சுலபமான பதில் இல்லை. விடிந்ததும் கிளம்பினால் காற்று குறைவு, ஆனால் கிழக்கே போகும் உங்கள் கண்ணில் நேராக வெயில். மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறிவிடும். மாலையில் திரும்பினால் மறுபடி எதிர்வெயில். போதாததற்கு வீடு திரும்பும் ஆடுமாடுகள். பாலத்தைக் காலை ஏழரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் கடந்து, இரவு ராமேஸ்வரத்தில் தங்கிவிடுவதே எங்கள் தேர்வு.

அரிச்சல்முனைச் சாலையில் காற்று மணலை வாரிப்போட்டபடியே இருக்கும். 125 சிசி வரையான வண்டிகளில் பெரும்பாலும் சிபிஎஸ்தான் (ஒரு பிரேக்கைப் பிடித்தாலே இரு சக்கரத்திலும் பிடிக்கும் அமைப்பு). மணலில் அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஒற்றைச் சேனல் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) முன்சக்கரத்தை மட்டுமே காக்கும், பின்சக்கரம் வழுக்கத்தான் செய்யும். இரட்டைச் சேனல் மேல் என்றாலும் மணலில் நிற்கும் தூரத்தை அது குறைக்காது. எந்த வண்டியானாலும் மணலுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, மணல்மேல் பிரேக்கையும் ஹேண்டிலையும் தொந்தரவு செய்யாமல் கடந்துவிடுங்கள்.

ஹெல்மெட்டில் யோசிக்க ஒன்றுமில்லை: ஐஎஸ்ஐ முத்திரையுள்ள முழுமுக ஹெல்மெட், நிறமில்லாத கண்ணாடி. திறந்த முக ஹெல்மெட்டில் மணல் நேராகக் கண்ணில் விழும்.

அறைக்குத் திரும்பியதும் செயின், டிஸ்க், ஸ்போக் மூன்றையும் நல்ல தண்ணீரில் கழுவி, செயின் காய்ந்த பிறகு செயின் லூப் (உயவு எண்ணெய்) அடியுங்கள். ஈரத்தோடு அடித்தால் உப்பு உள்ளேயே தங்கிவிடும்.