ரோமின் சர்வாதிகாரியும் உத்திரமேரூர் வாரியமும்

பண்டைய ரோமில் நெருக்கடி வந்தால் 'சர்வாதிகாரி' என்ற பதவியில் ஒரே ஆளிடம் முழு அதிகாரம். ஆனால் 6 மாதம்தான். கி.மு. 82இல் தளபதி சுல்லா காலவரம்பின்றி அந்தப் பதவியைப் பிடித்தார். கொல்லப்பட வேண்டியவர்களின் பட்டியல் பொது இடத்தில் தொங்கியது, சொத்துகள் ஏலம் போயின. பகையே இல்லாதவர்களும் சொத்துக்காகச் செத்தார்கள். (பிறகு அவரே விலகினார் என்பது வேறு கதை.) கி.மு. 44இல் சீசர் ஆயுள் முழுதுக்கும் வாங்கிக்கொண்டார்.

சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921) ஆளை நம்பவே இல்லை. ஊர்ச்சபையின் வாரியத்தில் (குழுவில்) பதவி 360 நாள். பெயரெழுதிய ஓலையைக் குடத்திலிருந்து ஒரு சிறுவன் எடுப்பான். இருந்தவர் 3 ஆண்டு திரும்ப வர முடியாது. கணக்குக் காட்டாதவரோடு அவர் உறவினருக்கும் தடை. மச்சானை உட்காரவைக்கும் வழியும் அடைப்பு! ஆனால் பொதுவாகக் கால் வேலிக்கு (வேலி: பழைய நில அளவு) மேல் நிலமில்லாதவர் பெயர் குடத்துக்குள்ளேயே போகாது.