இல்லாத கோப்பைக் காட்டிச் சந்தா வாங்கினார்கள்

அம்மாவுக்கு மறுபடியும் நெஞ்சில் அழுத்தம் என்று சென்ற மாதம் இதய மருத்துவரிடம் அழைத்துப் போனேன். "2016இல் எந்த ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள்? என்ன அளவு? பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டுங்கள்" என்றார். எனக்குப் பதற்றமே இல்லை. அம்மாவின் மருத்துவக் காகிதம் அத்தனையும் கைப்பேசியில், ஒரு குறிப்புச் செயலிக்குள் இருந்தது. தேடியதும் வந்தது. 'அம்மா ஆஞ்சியோ 2016' என்ற தலைப்பு, நான் எழுதிய இரண்டு வரிகள், கீழே நகத்தளவில் முதல் பக்கத்தின் மங்கலான படம். தொட்டேன். சாம்பல் நிறக் கட்டம் ஒன்று எழுந்து, 'இந்தக் கோப்பைப் பார்க்கச் சந்தாவைப் புதுப்பியுங்கள்' என்றது.

மருத்துவர் காத்திருக்கிறார். வெளியே வரிசை நிற்கிறது. அங்கேயே ஓ.டி.பி. போட்டு ஓராண்டுச் சந்தா 3,600 ரூபாயைக் கட்டினேன். பணம் போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வந்தது. மறுபடி தொட்டேன். 'கோப்பு கிடைக்கவில்லை.'

அன்று இரவே புகார் எழுதினேன். ஐந்து நாள் கழித்துப் பதில் வந்தது. 2021 அக்டோபரில் என் அட்டையிலிருந்து பணம் எடுக்க முடியவில்லையாம். அதனால் கணக்கு இலவசத் திட்டத்துக்கு மாறியதாம். ஓராண்டு கழிந்தபின் பெரிய இணைப்புக் கோப்புகளை நிபந்தனைப்படி நீக்கிவிட்டார்களாம். அந்த அக்டோபர் எனக்கு நினைவிருக்கிறது. அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுக்க வாடிக்கையாளரின் ஒப்புதலைத் தனியாகப் பதிந்திருக்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி அந்த மாதம் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. நம்மைக் காக்க வந்த நல்ல விதிதான். ஆனால் அதற்குத் தயாராகாத நிறுவனங்களின் சந்தாக்கள் ஓசையின்றி நின்றுபோயின. அவர்கள் அனுப்பிய எச்சரிக்கை மின்னஞ்சல்களை இப்போது தேடிப் பார்த்தேன். இரண்டே இரண்டு. இரண்டும் விளம்பரங்களுக்கான பகுதியில், 'புதிய வசதிகள் உங்களுக்காக' என்ற தலைப்போடு கிடந்தன. செயலி வழக்கம்போலத் திறந்தது, எழுதியதெல்லாம் தெரிந்தது. உள்ளே கோப்பு போய்விட்டது என்று எப்படித் தெரியும்?

சந்தா கட்டத் தவறியது என் பக்கத்துப் பிழை என்றே வைத்துக்கொள்வோம். நீங்களே அழித்துவிட்ட கோப்பின் படத்தைக் காட்டி, பார்க்க வேண்டுமானால் பணம் கட்டு என்று ஏன் கேட்டீர்கள்? இதை நான்கு முறை கேட்டேன். 'உங்கள் சந்தா இயல்பாகச் செயல்படுகிறது, பணத்தைத் திருப்பித் தர இயலாது' என்பதே மூன்று முறையும் வந்த பதில். நான்காவது முறை பதிலே இல்லை, புகாரைத் 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டார்கள். பச்சை மோசடி என்பதைத் தவிர இதற்கு வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

காகிதத்தை ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்பீர்கள். ஈ.சி.ஜி. அச்சாவது வெப்பத்தாளில். நம் ஊர் வெயிலில் பீரோவுக்குள் இருந்தாலும் சில ஆண்டுகளில் கோடுகள் வெளிறிவிடும். அதற்குப் பயந்துதான் 2017இல் ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தேன். மறு ஆண்டு வீடு மாறியபோது மூன்று கட்டுக் காகிதங்களைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டேன். ஸ்டென்ட் வைத்த மருத்துவமனையிலும் போய்க் கேட்டேன். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் உள்நோயாளிப் பதிவேடுகளை 3 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கின்றன. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும் இருக்கிறது. அந்த 3 ஆண்டுகள் எப்போதோ கடந்துவிட்டன. உங்கள் வீட்டில் யாருக்காவது அண்மையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தால் காலம் இருக்கும்போதே முழுப் பதிவேட்டின் நகலையும் வாங்கிவிடுங்கள்.

நான் செய்த பெரிய தவறு, கைப்பேசியிலும் கணினியிலும் ஒரே குறிப்பு தெரிந்ததால் இரண்டு பிரதிகள் இருப்பதாக நினைத்தது. அது ஒத்திசைவு, காப்புப் பிரதி அல்ல. அவர்களுடைய சர்வரில் ஒன்று அழிந்தால் எல்லாச் சாதனங்களிலும் அழியும். போதாக்குறைக்கு, கைப்பேசியில் இருப்பது பல நேரங்களில் வெறும் முன்னோட்டப் படம்தான். தொடும்போதுதான் உண்மைக் கோப்பு இறங்கும். நீங்களும் இப்படி ஒரு செயலியை நம்பியிருந்தால், இணையத்தை அணைத்துவிட்டு, பல மாதங்களாகத் தொடாத ஒரு பழைய கோப்பைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் அது உங்கள் கையில் இல்லை.

மிச்சம் இருந்ததையாவது மீட்கலாம் என்று 'ஏற்றுமதி' வசதியை அழுத்தினேன். 400க்கும் மேற்பட்ட குறிப்புகள் ஒரே தொகுப்பாக இறங்கின, படங்களும் தெரிந்தன. ஆனால் இணையத்தைத் துண்டித்ததும் அத்தனை படங்களும் மறைந்தன. தொகுப்புக்குள் இருந்தவை படங்கள் அல்ல, அவர்களுடைய சர்வருக்குப் போகும் இணைப்புகள். கடைசியில் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பி.டி.எஃப். ஆக இறக்கினேன், நான்கு இரவுகள் பிடித்தன. இப்போது அவை ஆண்டுவாரியாகச் சாதாரணக் கோப்புறைகளில், என் ஹார்ட் டிஸ்கிலும் திருச்சியில் தம்பி வீட்டுப் பென்டிரைவிலும் இருக்கின்றன. காகிதத்தையும் இனி யாருக்கும் எடைக்குப் போடுவதாக இல்லை.

டிஸ்சார்ஜ் சம்மரி கிடைத்துவிட்டது. அந்தச் சமயம் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கத் தம்பி எடுத்த ஜெராக்ஸ் ஒன்று அவன் வீட்டுப் பரணில் இருந்தது. ஸ்டென்டின் அளவு அதில் தெளிவாக இருக்கிறது. மருத்துவரிடம் கொடுத்துவிட்டோம், அம்மா நலமாக இருக்கிறார்.

கிடைக்காதது வேறொன்று. அப்பா இருந்தவரை தினமும் காலையில் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்த்து, கிழித்த தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைப்பார். 130/80, பக்கத்தில் 'தூக்கம் சரியில்லை' என்று ஒரு வரி. இரண்டு ஆண்டுத் தாள்களையும் படமெடுத்து அந்தச் செயலியில்தான் போட்டிருந்தேன். தலைப்பும் நகத்தளவுப் படமும் இன்னும் தெரிகின்றன. பெரிதாக்கினால் அப்பாவின் எழுத்து கலங்கிப்போகிறது.