வரதனுக்கு நான்கு ஞாயிறுகள்: கானாடுகாத்தான் கணித வகுப்பு

செட்டிநாட்டின் கானாடுகாத்தானில் பழைய வீடொன்றின் வளவில் (நடுமுற்றத்தில்), ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் நடத்திய வகுப்புக்கு, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளுடன் சென்றுவந்தேன். எடுத்துக்கொண்ட பொருள், கணிதவியலாளர் எஸ். ஆர். சீனிவாச வரதனின் பணி. கட்டணம் ஆளுக்கு 400 ரூபாய்.

வரதன் என்றதும் கணிதத்தின் உயரிய விருதுகளில் ஒன்றாக 2007இல் அவர் பெற்ற ஏபெல் பரிசைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். இந்த ஆசிரியரோ மூன்றாம் வாரம் வரை அதைப் பற்றிப் பேசவே இல்லை. முதல் நாளன்று பத்து ஒரு ரூபாய்க் காசுகளை என் மகளிடம் கொடுத்து, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் திரும்பத் திரும்பப் போடச் சொல்லி, பூ எத்தனை, தலை எத்தனை என்று கரும்பலகையில் குறித்துக்கொண்டே வந்தார். பத்துக் காசில் ஏழோ அதற்கு மேலோ தலையாக விழும் வாய்ப்பு 1024க்கு 176. எங்கள் கண்ணெதிரிலேயே அப்படிச் சில முறை விழுந்தது. நூறு காசில் எழுபதோ அதற்கு மேலோ விழும் வாய்ப்பு ஏறக்குறைய 25,000க்கு 1.

"அப்படியானால் விழவே விழாதா, சார்?" என்று மகள் கேட்டாள்.

"விழும்மா. காசு கூடக்கூட அந்த வாய்ப்பு எந்த வேகத்தில் குறையும் என்பதுதான் கேள்வி" என்றார்.

சராசரியிலிருந்து வெகுவாக விலகும் அரிய நிகழ்வுகளின் வாய்ப்பை அளக்கும் பெருவிலகல் கோட்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான வாசலை நான் கண்டதில்லை. காப்பீட்டு நிறுவனங்களின் இடர் பற்றி ஸ்வீடன் கணிதவியலாளர் ஹரால்டு கிராமர் 1930களில் ஆராய்ந்ததையும், அத்தகைய தனித்தனிக் கணக்குகளை 1966 முதல் வரதன் ஒரே கோட்பாட்டுக்குள் கொண்டுவந்ததையும் ஆசிரியர் விளக்கியபோது, கொடுக்கல் வாங்கலில் ஊறிய இவ்வூர்ப் பெரியவர்கள் தலையசைத்துக் கேட்டார்கள்.

1940இல் சென்னையில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் பயின்று, கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் புள்ளியியலாளர் சி. ஆர். ராவிடம் ஆய்வு செய்து, 1963இல் நியூயார்க்கின் கூரான்ட் கணித ஆய்வுக் கழகத்துக்குச் சென்ற வரதனின் வாழ்க்கையையும், ஏபெல் பரிசு பெற்ற முதல் ஆசியர் என்ற பெருமையையும், 2008இன் பத்மபூஷணையும் 2023இன் பத்மவிபூஷணையும் ஆசிரியர் பத்தே நிமிடத்தில் முடித்தார். அது சரியான அளவு என்பேன்.

நான்காம் வாரம்தான் குறை. அமெரிக்கக் கணிதவியலாளர் டேனியல் ஸ்ட்ரூக்குடன் சேர்ந்து வரதன் செய்த பணியை அரை மணி நேரத்தில் திணித்ததால், கணிதப் பட்டம் பெற்ற எனக்கே பிடிபடவில்லை. அதற்குத் தனியாக ஒரு ஞாயிறு வேண்டும். 1950இல் சென்னையில் இராமானுஜன் கணித நிறுவனத்தைத் தொடங்கிய செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த அழகப்பச் செட்டியாரின் பெயர், இந்த மண்ணில் நடந்த கணித வகுப்பில் ஒருமுறைகூட ஒலிக்காதது எனக்கு உண்மையாகவே வருத்தம் தந்தது. ஆசிரியரிடம் சொன்னேன், அடுத்த முறை சேர்ப்பதாகக் குறித்துக்கொண்டார்.

அடுத்த சுற்றுக்கும் பணம் கட்டிவிட்டேன். செல்பவர்கள் சற்று முன்னதாகவே போய் முன்வரிசையில் அமர்ந்துகொள்ளுங்கள். பின்னால் உட்கார்ந்தால் வளவுத் தூண் கரும்பலகையை மறைத்துவிடும்.