ரிக்கோ ஜிஆர் 3: சென்னைத் தெருக்களில் நீண்ட நாள் புழங்கிய பிறகு

2019இல் வந்த கேமரா இது. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சார் (டிஎஸ்எல்ஆர்களில் வரும் அளவு), 28 மி.மீ.க்கு இணையான ஒரே அகலக்கோண லென்ஸ், சட்டைப்பையில் அடங்கும் உடல், 257 கிராம் எடை. ஜூம் கிடையாது, வ்யூஃபைண்டர் கிடையாது, உள்ளமைந்த ஃபிளாஷும் கிடையாது. இத்தனை 'கிடையாது'களைத் தாண்டி இதைத் தெருவுக்கு எடுத்துப் போவதற்கு ஒரே காரணம் ஸ்னாப் ஃபோகஸ்.

ஃபோகஸ் தூரத்தை முன்கூட்டியே 2 மீட்டர் என்று வைத்துவிடலாம். பட்டனைப் பாதி அழுத்தினால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும். நிறுத்தாமல் முழுதாக அழுத்தினால் கேமரா எதையும் தேடாது, வைத்த தூரத்திலேயே படம் விழுந்துவிடும். லென்ஸ் துளையை (அப்பர்ச்சர்) எஃப்/8க்குச் சுருக்கி, ஃபோகஸை 2 மீட்டருக்கு வைத்தால் ஏறத்தாழ 1 மீட்டரிலிருந்து தெருக்கோடி வரை தெளிவாக இருக்கும். அதே 2 மீட்டர், துளை அகன்ற எஃப்/2.8 என்றால் தெளிவு ஒன்றரை மீட்டரிலிருந்து 3 மீட்டர் வரைதான். புதிதாக வாங்கியவர்கள் “பாதிப் படம் அவுட் ஆகிறது” என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அப்பர்ச்சரையும் ஷட்டரையும் கேமராவே தேர்ந்தெடுக்கும் 'பி' மோடில் விட்டிருப்பார்கள், நிழலுக்குள் போனதும் கேமரா அப்பர்ச்சரைத் தானே திறந்துகொள்ளும். அப்பர்ச்சரை நாமே வைக்கும் 'ஏவி' மோடில் எஃப்/8ஐப் பூட்டுங்கள். ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன்) ஆட்டோவில் 3200 வரை அனுமதித்து, ஷட்டர் வேகம் 1/500 வினாடிக்குக் கீழே இறங்காதபடி வைத்து, மொத்தத்தையும் மோட் டயலின் யு1 இடத்தில் சேமித்துவிடுங்கள். கட்டட நிழலில் இந்த அமைப்பு ஐஎஸ்ஓ 1000 பக்கம் போய் நிற்கும். அதனால் வரும் நாய்ஸ் (புள்ளிப்புள்ளியான கரகரப்பு) அச்சில் தெரியாது.

2 மீட்டரைக் கண்ணளவில் பிடிக்க எளிய வழி உண்டு: ஒரு மோட்டார் சைக்கிளின் நீளம். அந்தத் தூரத்தில் கேமராவைக் கிடையாகப் பிடித்தால் சராசரி உயரமுள்ள ஆள் தலை முதல் கால் வரை சட்டத்தை நிரப்புவார். தள்ளி நின்று எடுத்தால் 28 மி.மீ.யில் எல்லாம் எறும்பாகிவிடும். பக்கத்தில் போகத் தயங்குபவருக்கு இது சரிப்படாது. சென்னையில் பக்கத்தில் போனால் வரும் கேள்வி பெரும்பாலும் “எந்த சேனல் சார்?” என்பதுதான். சிரித்து, எடுத்ததைத் திரையில் காட்டினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். வேண்டாம் என்று சொன்னால் அவர் எதிரிலேயே அழித்துவிடுங்கள்.

கேமரா இவ்வளவு வேலையை எடுத்துக்கொள்வதால் கண் வெளிச்சத்தைப் படிக்கத் தொடங்குகிறது. மயிலாப்பூர் மாட வீதிகளையே எடுத்துக்கொள்வோம். வடக்கு, தெற்கு மாட வீதிகள் கிழக்கு மேற்காக ஓடுபவை. காலை 7 மணிக்குக் கிழக்கே பார்த்து நின்றால் இட்லிக் கடை ஆவியும், கூட்டிப் பெருக்கும் புழுதியும், நடப்பவர்களின் விளிம்பும் எதிர்வெயிலில் எரியும். அதே இடத்தில் மேற்கே திரும்பினால் தட்டையான முன்வெளிச்சம், எடுக்க ஒன்றுமில்லை. கிழக்கு, மேற்கு மாட வீதிகள் தெற்கு வடக்காக ஓடுவதால் காலையில் ஒரு பக்கம் நிழல், மறுபக்கம் வெயில். அந்தக் கோட்டைத் தாண்டுபவர்களுக்காகக் காத்திருப்பதே அங்கே வேலை. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் பகல் முழுக்கப் பக்கவெளிச்சம் கிடைக்கும். கோலமாவின் மேடுபள்ளம் தெரிய வேண்டுமானால் வெயில் தாழ்ந்திருக்கும்போதே எடுக்க வேண்டும், 9 மணிக்கு மேல் அது வெறும் வெள்ளைக் கோடு. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் வந்துவிடும். கண்குழிகள் கருத்துப்போகும், அப்போது கேமராவுக்கு ஓய்வு கொடுக்கலாம்.

எதிர்வெளிச்சத்துக்கு ஹைலைட் மீட்டரிங் (பளிச்சென்ற பகுதி வெளுக்காதபடி அளக்கும் முறை) வைத்து டிஎன்ஜியில் (ரா கோப்பாக) எடுங்கள். மாநிற முகங்கள் இருண்டு வரும், ஆனால் பிறகு கணினியில் ஒன்றரை ஸ்டாப் தூக்கினாலும் தாங்கும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). கனகாம்பரமும் சாமந்தியும் குவிந்த பூக்கடை வேறு விதமான சிக்கல். படத்தின் சிவப்பு நிறப் பகுதி முதலில் வழிந்துவிடும், பூவின் இதழெல்லாம் ஒரே திட்டாகத் தெரியும். அங்கே எக்ஸ்போஷரை 0.7 ஸ்டாப் குறைப்பது அவசியம்.

மாலையில் டியூப்லைட், மலிவான எல்இடி எரியும் கடைகளில் 1/500 வைத்தால் ஒரு படம் பச்சையாகவும் அடுத்தது இருட்டாகவும் வரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு 100 முறை துடிக்கிறது. லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் இருப்பதால் பட்டை விழாமல் முழுப் படமும் நிறம் மாறும். ஷட்டரை 1/100இல் நிறுத்துங்கள்.

பேட்டரி இதன் பலவீனம். நிறுவனத்தின் சொந்தக் கணக்கே சுமார் 200 படம். மூன்று பேட்டரி இல்லாமல் ஒரு காலைநேரம் ஓடாது. பவர் பேங்கில் யுஎஸ்பி-சி வழியே சார்ஜ் ஏற்றலாம் என்பது ஆறுதல். நீரும் தூசியும் புகாத கட்டமைப்பு இல்லை. லென்ஸ் உள்ளே வெளியே போய்வரும் இந்த வகைக் கேமரா எதுவானாலும் தூசியை இழுக்கும். மாதம் ஒருமுறை எஃப்/16இல் வெறும் வானத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், கரும்புள்ளி இருந்தால் தெரிந்துவிடும். லென்ஸ் கழற்ற முடியாததால் சுத்தம் செய்ய உடலைப் பிரித்தாக வேண்டும், அது சர்வீஸ் சென்டர் வேலை. பேண்ட் பையில் வெறுமனே போடாமல் ஜிப் உறையில் வைப்பது மலிவு. ஏசி காரிலிருந்து இறங்கினால் கண்ணாடி ஆவி பிடிக்கும், மூடிய பைக்குள் கால் மணி நேரம் விட்டு எடுங்கள்.

உச்சிவெயிலில் திரையே தெரியாது. வெளிச்சத்தைக் கூட்டினால் படம் சரியாக இருப்பதுபோல் ஏமாற்றும், அதனால் ஹிஸ்டோகிராமை (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) நம்புங்கள்.

படத் தேர்வில் ஒரு விஷயம். எடுத்த அன்றே தேர்ந்தெடுத்தால் வண்ணமும் கூட்டமும் ஜெயிக்கும். ஒரு மாதம் ஆறப்போட்டுப் பார்த்தால் மிஞ்சுவது வேறு: பாதி வெள்ளையடித்த கட்சிச் சுவரும் அதன் கீழே தூங்குபவரும் போல, சம்பந்தமில்லாத இரண்டு ஒரே சட்டத்தில் பேசிக்கொள்ளும் படங்கள். அவை ஓடித் தேடிக் கிடைப்பதில்லை. நல்ல பின்னணியைப் பிடித்து 20 நிமிடம் நின்றால் தெருவே கொண்டுவந்து தரும்.

இதன் உடன்பிறப்பான, 40 மி.மீ.க்கு இணையான லென்ஸுள்ள ஜிஆர் 3எக்ஸ் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: முகங்களுக்கு அது நல்லது. ஆனால் எஃப்/8இல் 2.5 மீட்டருக்கு வைத்தாலும் தெளிவு சுமார் 1.6 மீட்டரிலிருந்து 6 மீட்டர் வரைதான். ஸ்னாப் ஃபோகஸுக்காக வாங்குவதானால் 28 மி.மீ. உள்ள ஜிஆர் 3 போதும்.