எட்டடிப் பலகைக்கு வழி விட்டு வைத்த சி.என்.சி. ரவுட்டர்

கிளிநொச்சிப் பக்கம் தச்சு வேலை செய்கிற பலர் இப்போது சி.என்.சி. ரவுட்டர், அதாவது கணினி சொல்லும் கோட்டில் மரத்தை வெட்டிச் செதுக்கும் இயந்திரம், வாங்க யோசிக்கிறார்கள். என்னிடம் வருபவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள், அடுத்து ஸ்பிண்டில் (வெட்டும் பிட்டைச் சுழற்றும் மோட்டர்) எத்தனை கிலோவாட் என்பார்கள். எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று நான் கேட்டால், "பின் அறையில ஒரு மூலை சும்மா கிடக்கு அண்ணை" என்று பதில் வரும். 2019இலிருந்து ஒரே இடத்தில் வைத்து ஓட்டிய பழக்கத்தில் சொல்கிறேன், மூலை வேண்டாம்.

என்னுடையது நாலடிக்கு நாலடி வெட்டும் இயந்திரம். 2.2 கிலோவாட் ஸ்பிண்டில், தண்ணீரில் குளிரும் வகை. வேலை பெரும்பாலும் கதவு, சாமியறைக் கதவுச் செதுக்கல், ஜன்னல் கிராதி, இடைக்கிடை கோயில் வேலை. கதவு என்றால் ஆறேமுக்கால் அடி. பிளைவுட், எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) சீற் என்றால் எட்டுக்கு நாலு. நாலடி மேசையில் இவற்றைச் செய்ய ஒரு வழிதான் உண்டு: பாதியை வெட்டி, பலகையைத் தள்ளி, மீதியை வெட்டுவது. முதல் பாதி ஓடும்போது மற்ற நாலடி முன்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். தள்ளிய பிறகு வெட்டிய நாலடி பின்பக்கம் நீட்டும். மேசையோடு சேர்த்தால் பன்னிரண்டு அடி, ஆள் நின்று பிடிக்க இன்னும் இரண்டரை, மூன்றடி. விற்றவர்கள் தந்த படத்தில் இயந்திரம் இரண்டு சுவருக்கு நடுவில் ஒட்டி நின்றது. அந்தப் படத்தைப் பார்த்து வைத்தவர்கள் எட்டடிச் சீற்றை வாங்கும் கடையிலேயே இரண்டாக அறுத்துக் கொண்டு வருகிறார்கள். அப்படி அறுத்தால் முழு நீளத்தில் செதுக்குகிற வேலையே கையை விட்டுப் போய்விடுகிறது.

வீட்டுத்திட்ட வீட்டு அறை எதுவும் இதற்குக் காணாது. வளவின் பின்பக்கம் பதினாலுக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு கொட்டில் போட்டேன். நீளவாட்டில் ஒரு முனையில் இரட்டைக் கதவு. மறுமுனைச் சுவரில், மேசை மட்டத்தில், ஐந்தடி அகலமும் ஓரடி உயரமுமான ஒரு வாய், அதற்குத் தூக்கி மூடும் தகர மூடி. இயந்திரம் அந்தச் சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளி, பலகை ஓடும் திசை கதவையும் வாயையும் நேராகப் பார்க்கும்படி நிற்கிறது. எட்டடிச் சீற்றைத் தள்ளினால் நுனி வாயால் கொஞ்சம் வெளியே வரும். பத்தடி நிலைச்சட்டம் வந்தாலும் தட்டாது. இத்தனை வருடத்தில் இந்தக் கொட்டிலில் எனக்கு ஆகப் பிடித்தது இந்தச் சுவரின் வாய்தான்.

கதவு எந்தப் பக்கம் என்பதைக் காற்றைப் பார்த்துத் தீர்மானித்தேன். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து அடித்து, கிரவல் றோட்டுப் புழுதியை அள்ளிக்கொண்டு வரும். ஐப்பசி தொடக்கம் தை வரை வடகிழக்கிலிருந்து வாடையோடு மழை சாய்ந்து அடிக்கும். ஆகவே கதவு தென்கிழக்கு, வாய் வடமேற்கு. இரண்டு காற்றும் பக்கச் சுவரில் பட்டுக் கழிந்து போகின்றன. மின்சாரப் பலகையும் கதவோரம் அமைந்ததால், அக்கினி மூலையில் இருக்கிறது என்று அம்மாவுக்குத் தனி நிம்மதி. இயந்திரத்தின் தலை ஓடும் தண்டவாளக் கம்பிகளில் இதுவரை துரு இல்லை. மழைக்காலத்தில் மட்டும் எண்ணெய்த் துணியால் அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கிறது.

தரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்தபோது கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமெல்லாம் வெள்ளம் நின்றது. வீட்டுச் சுவரில் தண்ணீர் விட்டுப்போன கறைக்கு மேலே ஒன்றரை அடி வைத்துத்தான் கொட்டிலின் தரையை உயர்த்தினேன். வயற்பக்கக் களிமண் மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும். அதனால் இயந்திரத்தின் நாலு காலும் நிற்கும் இடத்துக்கு மட்டும் தனியாகத் தடித்த கொங்கிறீட் போட்டு, மற்றத் தரையோடு ஒட்டாமல் விட்டேன். தரை ஓரிடத்தில் வெடித்தும் அந்தக் கட்டு அசையவில்லை. ஆனாலும் மழை முடிந்ததும், கோடை முடிந்ததும் ஒருமுறை பார்த்துவிடுவேன். மேசையின் எதிரெதிர் மூலைகளுக்குக் குறுக்கே இரண்டு நூலை விறைப்பாகக் கட்டுங்கள். நடுவில் ஒன்றை ஒன்று மெல்லத் தொட்டால் சரி. இடைவெளி தெரிந்தாலோ, ஒன்று மற்றதை அழுத்தினாலோ மேசை முறுகியிருக்கிறது, கால் போல்ட்டைத் திருப்ப வேண்டும். ஐப்பசி மழையில் மேசையின் எம்.டி.எஃப். படுக்கையும் ஊதும். விளிம்புகளுக்கு வார்னிஷ் பூசி வைத்தால் குறையும். மழை முடிந்ததும் அரை மில்லிமீற்றர் சீவி எடுத்தால் திரும்பவும் மட்டமாகும்.

சுற்றிவர விட்ட இரண்டரை அடியை வீண் இடம் என்றார்கள். கறையான் மண்கோடு ஏறுவதை முதல் நாளே கண்டுபிடிக்கிறேன் என்றால் அந்த இடைவெளியால்தான். மோட்டர் கழற்றுவதும், மோட்டரின் பல் ஓடும் பற்சட்டத்தைத் துடைப்பதும், தவறி விழுந்த ஸ்பானரை எடுப்பதும் அதே இடைவெளியில்தான்.

மின்சாரப் பகுதியில் மூன்று விடயம். ஸ்பிண்டிலை ஓட்டும் வி.எஃப்.டி. பெட்டியை மேற்குச் சுவரில் மாட்டக்கூடாது. பின்னேர வெயிலில் அந்தச் சுவர் கொதிக்கும், மேலே தகரக் கூரை வேறு. நான் கிழக்குப் பக்கச் சுவரில் மாட்டி, காற்றுத் துளைகளுக்கு நுளம்பு வலை அடித்தேன். பல்லியும் எறும்பும் உள்ளே போய் மின்சுற்றுப் பலகையைச் சுட்டுவிடுவது நம் ஊரில் அடிக்கடி நடக்கிற கதை. அடுத்தது, அந்தப் பெட்டியிலிருந்து போகும் வயரையும் ஓட்டத்தின் எல்லை வந்ததும் இயந்திரத்தை நிறுத்தும் எல்லைச் சுவிட்சுகளின் வயரையும் ஒரே குழாயில் விடாதீர்கள். ஸ்பிண்டில் ஓடும்போது இல்லாத தடையைக் கண்டதுபோல் இயந்திரம் திடீரென்று நிற்கும். மூன்றாவது எர்த். கோடையில் நிலம் வரண்டால் எர்த் கம்பி சரியாக வேலை செய்யாது, அதனால் கிணற்றடித் தண்ணீர் ஓடும் ஈர நிலத்தில் அடித்தேன். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி முழங்கினால், உள்ளே போகாமலே கழற்றக்கூடியபடி பிரதான பிளக் கதவோரம் இருக்கிறது.

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தில் ஒன்று தெளிவானது. யூ.பி.எஸ். போடுவதானால் கணினிக்கு மட்டும் போடுங்கள். ஸ்பிண்டிலை அங்குமிங்கும் நகர்த்தும் அச்சு மோட்டர்களுக்கும் கொடுத்தால், ஸ்பிண்டில் நின்ற பிறகும் சுற்றாத பிட்டை மரத்துக்குள் இழுத்து முறித்துவிடும்.

தூசி உறிஞ்சியை வெளியே, வடமேற்குச் சுவரோடு பத்தி இறக்கி அதில் வைத்தேன். சத்தமும் மிஞ்சும் நுண்தூசியும் வெளியோடு போய்விடுகின்றன. முதிரை அறுப்பவர்களுக்குத் தெரியும், அந்தத் தூசி தோலில் பட்டால் அரிக்கும், சிலருக்குத் தடித்து வீங்கும். மரத்தூசியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. பிள்ளைகள் படுக்கிற அறைக்குப் பக்கத்து அறையில் இந்த இயந்திரத்தை வைக்காதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். குழாய் பி.வி.சி. என்றால் உள்ளால் ஒரு செம்புக் கம்பி ஓடவிட்டு எர்த்தோடு இணையுங்கள், தூசி உரசி மின்னேறும்.

ஸ்பிண்டிலுக்கான தண்ணீர் வாளி மேசைக்குக் கீழே, நிழலில். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்தலிலேயே சுண்ணாம்பு கட்டும், ஸ்பிண்டிலின் ஒடுங்கிய பாதையை அடைக்க அதற்கு அதிக காலம் எடுக்காது. பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.

வாங்க முன்னம் தரையில் சுண்ணக்கட்டியால் இயந்திரத்தின் அளவைக் கீறுங்கள். பிறகு உண்மையான எட்டடிச் சீற் ஒன்றை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு, வாசலால் வந்து, கீறலின் மேல் வைத்து, நாலடி தள்ளிப் பாருங்கள். எங்காவது முட்டினால் சுவரில் வாய் வெட்ட முடியுமா என்று யோசியுங்கள். அதுவும் முடியாவிட்டால் இரண்டடிக்கு மூன்றடி இயந்திரம் வாங்குங்கள். பெயர்ப்பலகை, சாமிப்படச் சட்டம், கதவில் பதிக்கும் செதுக்கல் துண்டுகள் எல்லாம் அதில் நன்றாகவே வரும்.